விடுதி அறையும் தேசாவகாசிகமும்

"மதுரைக் குன்றுகளைக் காண ஆசைதான். ஆனால் வெளியூர் விடுதியில் தங்கினால் விரதம் கெட்டுவிடுமே!" என்று கூறி இல்லத்தோடு இருந்துவிடும் மூத்தோர் நம்மிடையே பலர். "யாத்திரையில் விரதம் எல்லாம் பார்க்க முடியுமா? ஊர் திரும்பியபின் பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம்" என்று கூறிப் புறப்பட்டுவிடும் இளையோரும் பலர். முன்னவர் யாத்திரையை இழக்கின்றனர். பின்னவர் விரதத்தை இழக்கின்றனர். இரண்டையும் காத்துக்கொள்ள வழி இல்லையா? உண்டு. அவ்வழியை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை; இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்த பன்னிரண்டு விரதங்களுக்குள்ளேயே அது இருக்கிறது. அதனை எடுத்துக்காட்டுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. முன்னறிவு

அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. ஆக இல்லறத்தார் விரதங்கள் பன்னிரண்டு. சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை முறைப்படுத்திக் கூறுகின்றன. தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதங்களின் வரிசை சிறிது வேறுபடும். கருத்தில் வேறுபாடு இல்லை.

இவற்றுள் பயணம் செய்வோர்க்கு நேரே பயன்படுவன மூன்று.

திசைவிரதம்: இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்வது.

தேசாவகாசிகம்: அப்பேரெல்லைக்குள்ளேயே, குறித்த காலத்திற்கு மட்டும், ஒரு சிற்றெல்லையை வகுத்துக்கொள்வது. எல்லைக்கு வீடு, தெரு, ஊர், வயல், ஆறு, காடு முதலியவற்றை அடையாளமாகக் கொள்ளலாம் என்பது நூல் வழக்கு. காலத்திற்கு ஆண்டு, மாதம், பக்கம் எனப் பல அளவுகள் உண்டு.

அனர்த்ததண்ட விரதம்: பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குவது. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை அறுத்தல், வீணே அலைதல், பிறரை வீணே அலையச் செய்தல் ஆகியவை இதன் ஒரு பிரிவாகிய பிரமாதசரியையில் அடங்கும்.

இம்மூன்றையும் படித்தபின் ஒரு பயணத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். எங்கே செல்வது, எவ்வளவு நேரம், எதை விலக்குவது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை வகுப்பதன்றோ திட்டம்? அதைத்தான் இவ்விரதங்களும் செய்கின்றன. ஆகவே, நல்ல சிராவகர் ஒருவர் நல்ல பயணத் திட்டம் வகுக்க அறியாதவராக இருத்தல் இயலாது. இருப்பாரானால், விரதத்தை அவர் மனப்பாடம் செய்திருக்கிறார். பயிலவில்லை என்பதே பொருள்.

நான் அவ்வாறு இருந்தேன் என்பதால்தான் இதனைத் துணிந்து எழுதுகிறேன்.

2. நிகழ்ந்த ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன், என் தமக்கையாரையும் உறவினர் இருவரையும் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். தமக்கையார் இளமை முதல் இரவுணவு கொள்ளாதவர். சமணமலையில் அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இருப்பதை எவரோ சொல்லக் கேட்டு, "ஒரு தாய் செய்வித்ததை நானும் ஒருமுறை கண்ணால் காண வேண்டும்" என்று பலமுறை கூறியவர். பயணச்சீட்டு, விடுதி, வண்டி அனைத்தும் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால அட்டவணை எழுதிய கை. இதற்கு அட்டவணை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பகல் ரயில் ஏறினோம். நண்பகலில் உண்டதோடு சரி. மாலையில் ரயிலில் கிடைத்ததெல்லாம் வெங்காயம் கலந்தது. இரவு விடுதியை அடைந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. தமக்கையார் நீரும் அருந்தாமல் சுவரில் சாய்ந்து அமர்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிரவு அறையையும் தாழ்வாரத்தையும் தாண்டுவதில்லை என்று தேசாவகாசிகம் ஏற்றிருந்தேன். அதனால் நான் இறங்கவில்லை. விடுதிப் பையனைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்து, "சூடான பால் வாங்கி வா, தம்பி" என்றேன். வெளியே மழை. பையன் நனைந்துகொண்டு ஓடி வாங்கி வந்தான்.

தமக்கையார் பாலைத் தொடவில்லை. பையன் சென்றபின் மெல்லக் கேட்டார்: "எல்லையைத் தாண்டுவதில்லை என்றாய். தாண்டியது அவன் கால். தாண்ட வைத்தது யார்? காலையிலிருந்து நிற்கிற பிள்ளை, என் விரதத்துக்காக அவன் எதற்கு நனைய வேண்டும்?"

நான் விடை கூறவில்லை. தேசாவகாசிகத்திற்கு ஐந்து அதிசாரங்கள் (குற்றங்கள்) உண்டு. எல்லைக்கு அப்பால் ஆள் அனுப்புதல், அங்குள்ளாரைக் குரல் கொடுத்து அழைத்தல், அங்குள்ள பொருளை வரவழைத்தல், தன் உருவைக் காட்டிக் குறிப்புணர்த்துதல், கல் முதலியன எறிந்து குறிப்புணர்த்துதல் என்பன அவை. வகுப்பில் இவ்வைந்தையும் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு அவற்றுள் இரண்டை ஒரே குவளைப் பாலில் செய்து முடித்தேன்.

மறுநாள் காலை கீழக்குயில்குடிக்குச் சென்றோம். படியேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் தமக்கையாருக்குத் தலை சுற்றியது. கீழே அய்யனார் கோயிலருகே ஆலமர நிழலில் அவரை அமர்த்தி, ஒருவரைத் துணைக்கு வைத்துவிட்டு, மற்ற இருவரும் ஏறிக் கண்டு இறங்கினோம். "எப்படி இருந்தது, சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அவரைக் குன்றேறவிடாமல் தடுத்தது அவருடைய விரதம் என்று உறவினர் சிலர் இன்றும் கூறுவர். அது பிழை. விரதம் தடுக்கவில்லை. அவ்விரதத்தை அறிந்திருந்தும் அதற்கு இடம் வைத்துத் திட்டமிடாத என் அசட்டையே தடுத்தது. அதன்பின் மும்முறை மதுரை சென்றிருக்கிறேன். ஒருமுறையும் எவரும் பசித்திருக்கவில்லை, எவர் விரதமும் குறைபடவில்லை. கற்றவற்றைக் கீழே தருகிறேன்.

3. காலம் கணித்தல்

திட்டத்தை ரயிலிலிருந்து தொடங்குதல் கூடாது. கதிரவனிலிருந்து தொடங்க வேண்டும்.

சூரியன் உதித்து இரண்டு நாழிகை சென்றபின் உண்ணத் தொடங்கி, மறைவதற்கு இரண்டு நாழிகை முன் உண்டு முடிப்பது நம் மரபு. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். மதுரையில் நவம்பர் மாதம் சூரியன் மாலை 6 மணிக்குச் சில நிமிடம் முன்பே மறைந்துவிடும். 48 நிமிடத்தைக் கழித்தால் 5 மணி 5 நிமிடத்திற்குள் உண்டு முடித்துக் கை கழுவியிருக்க வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் மறைவு 6.40 அளவில், அப்போது 5.50 வரை இடமுண்டு. ஒரே ஊர், ஒரே விரதம். முக்கால் மணி வேறுபாடு. நாட்காட்டியில் அன்றைய உதயம், மறைவு இரண்டையும் பார்த்துத் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்க. மற்றவை எல்லாம் அதற்குக் கீழேதான்.

இனி ரயில். வைகை விரைவு ரயில் சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு இரவில் மதுரை சேர்வது. பாண்டியன் விரைவு ரயில் இரவில் புறப்பட்டு விடியற்காலையில் சேர்வது. இரண்டும் விழுப்புரம் வழியே செல்வன. முன்னதில் மாலையுணவு ரயிலில் கழியும். பின்னதில் மாலையுணவை இல்லத்திலேயே முடித்துப் புறப்பட்டு, உதயத்திற்கு முன் ஊர் சேரலாம். இரவுணவு கொள்ளாதார்க்கு எது உகந்தது என்பதைக் கூறவும் வேண்டுமோ! பேருந்தில் வருவோர் மாட்டுத்தாவணி நிலையத்தில் இறங்க நேரும். அது நகரின் வடகிழக்கில் உள்ளது. அங்கிருந்து ரயில் நிலையப் பகுதிக்கு வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க.

4. அறையைத் தேர்தல்

சிரவணபெளகொளாவில் யாத்திரிகர்க்கென்றே விடுதிகள் உள. மதுரைக் குன்றுகளைக் காணச் செல்வோர் வழக்கமாக நகரத்துப் பொது விடுதிகளையே நாட வேண்டும். ரயில் நிலையத்திற்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட டவுன்ஹால் சாலை, மேலமாசி வீதி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி ஆகிய பகுதிகளில் எளிய வாடகை விடுதிகள் பல உண்டு. நடந்தே அடையலாம் என்பதும், பெரியார் பேருந்து நிலையம் அருகில் என்பதும் அவற்றின் சிறப்பு.

முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில் கீழ்வரும் வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதிக்கொள்க.

(அ) நாள் கணக்கு எப்படி? சில விடுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி. சிலவற்றில் நண்பகல் 12 மணிக்கு நாள் முடியும். விடியற்காலை 6 மணிக்கு நுழைவோர்க்கு இரண்டாம் முறையில், 6 மணி நேரத்திற்கே ஒருநாள் வாடகை போய்விடக்கூடும். வாடகை குறைவு என்பது மட்டும் சிக்கனமாகாது.

(ஆ) சொல்லும் வாடகையில் வரி அடங்குமா? ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு.

(இ) கீழ்த்தளத்திலோ முதல் தளத்திலோ அறை கிடைக்குமா? மின்தூக்கி உண்டா? முழங்கால் வலியை மலைப் படிக்கெனச் சேமித்து வைக்க வேண்டும். விடுதிப் படியில் செலவழிக்கலாகாது.

(ஈ) விடுதியோடு சேர்ந்த உணவகம் சைவமா? புலால் சமைக்கும் வாடை அறைக்கு வருமா? மது அருந்துமிடம் கீழே உண்டா? இவற்றை நேராகக் கேட்கலாம். கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை.

(உ) வெந்நீர் எந்நேரம் வரும்? அறையில் மின்கெண்டி வைத்து நீர் காய்ச்ச அனுமதி உண்டா? அனுமதியின்றிச் செய்தால், பிறர் பொருளை அவர் இசைவின்றிப் பயன்படுத்தும் குற்றமும் வந்து சேரும். அசௌரிய அணுவிரதம் விடுதியிலும் விரதமே.

(ஊ) அறையைக் காலி செய்தபின் பைகளை மாலை வரை வைத்திருந்து தருவார்களா?

அடையாள அட்டை ஒவ்வொருவருக்கும் தேவை. அதன் படி ஒன்றையும் எடுத்துச் செல்க.

5. நீரும் உணவும்

வடித்த நீர் இரண்டு நாழிகை வரையிலும், கிராம்பு முதலியன இட்டுத் தன்மை மாற்றிய நீர் ஆறு மணி நேரமும், கொதிக்கக் காய்ச்சிய நீர் ஒரு நாளும் கொள்ளத்தக்கன என்பது நம் வழக்கு. பயணத்திற்கு இதனினும் வசதியான விதி வேறில்லை. காலையில் ஒருமுறை காய்ச்சி ஆற்றிய நீரைப் புட்டிகளில் நிரப்பினால் அன்றைய பொழுதுக்குப் போதும். கெட்டியான பருத்தித் துணியை இருமடியாக மடித்து வடிகட்டுக. விடுதியில் அனுமதி இல்லையேல், காலையுணவுக்குச் செல்லும் உணவகத்திலேயே காய்ச்சிய நீரைக் கேட்டு வாங்கலாம். முதல் நாளே சொல்லிவைத்தால் மறுப்பவர் அரியர்.

உணவில் எல்லாவற்றையும் ஐயுற வேண்டுவதில்லை. எங்கே ஐயுற வேண்டும் என்பதை அறிந்தால் போதும். இட்லியில் வெங்காயம் இல்லை. சாம்பாரிலும் சட்னியிலும் உண்டு. வெண்பொங்கலில் இஞ்சி இருக்கக்கூடும். பொரியல் என்றால் என்ன காய் என்று கேட்க. உருளை, கேரட், பீட்ரூட் ஆகிய கிழங்கு வகைகளாக இருக்கும் நாட்கள் பல. பூண்டு சேராத பருப்புப் பொடி, நல்லெண்ணெய் சிறு புட்டி, பொரிகடலை, அவல், வெல்லம், வாழைப்பழம் இவை பையில் இருப்பின் எவ்வூரிலும் ஒரு வேளையை முறையாகக் கழிக்கலாம். புளித்த மாவும் கொள்ளாத கடும் விரதியர்க்கு அவலும் பழமும் பாலுமே துணை.

நண்பகல் உணவு பல உணவகங்களில் 3 மணியோடு முடிந்துவிடும். மாலைச் சிற்றுண்டி அதற்குச் சற்றுப் பின்னரே தொடங்கும். நவம்பரில் நமக்குள்ள எல்லை 5.05. இவ்விடைவெளியில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். உணவகத்தில் "மாலை எத்தனை மணிக்கு முதல் இலை போடுவீர்கள்?" என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

6. அறைக்குள் ஒழுகும் முறை

அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டுவது எல்லை வகுத்தல். "நாளை உதயம் வரை இவ்வறையும் இத்தாழ்வாரமும்" என மனத்தில் வரைந்து, பஞ்ச நமஸ்கார மந்திரம் கூறி அமர்க. அதற்கு முன்பே, இரவுக்கு வேண்டிய நீர், மருந்து, போர்வை, மறுநாள் வண்டி ஆகிய அனைத்தையும் முடித்துவிட வேண்டும். எல்லை வகுத்தபின் நினைவுக்கு வருவதெல்லாம் பையனின் காலுக்கு வேலை. இந்நாளில் கைப்பேசியில் விரல் வைத்தால் உணவு வாயிலுக்கு வந்துவிடுகிறது. நாம் அசையவில்லை என்று எண்ணுகிறோம். இருசக்கர வண்டியில் மழையில் ஒருவர் அசைகிறார். ஆள் அனுப்புதல், பொருளை வரவழைத்தல் என நம் முன்னோர் வகுத்த குற்றங்கள் கைப்பேசிக்கும் பொருந்துகின்றன அல்லவா?

அடுத்து அனர்த்ததண்டம். வாடகை கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் குழாயைத் திறந்துவிடுதல், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழலவிடுதல், வெந்நீரைத் தேவைக்கு மேல் காய்ச்சுதல், விளக்கை எரியவிட்டுப் பூச்சிகளை வரவழைத்தல் ஆகியன நீர், காற்று, தீ ஆகியவற்றில் பயனின்றிச் செய்யும் ஹிம்சையே. வாடகை அறைக்குத்தான், வினைக்கு அன்று. அந்தி மயங்கியதும் சாளரத்தை மூடிப் பின் விளக்கேற்றுக. கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று நுழைந்தவுடனே மெத்தையைத் தூக்கிப் பார்த்து, இருப்பின் அறையை மாற்றிக்கொள்க. இரவில் கண்டபின் நசுக்க நேருமே என்று வருந்துவதினும் இது மேல்.

சாமாயிகத்திற்குச் சந்தடி இடையூறு என்பர். வீதியின் ஒலியை நாம் நிறுத்த இயலாது. ஆனால், வீதி அடங்கியிருக்கும் விடியலுக்கு முந்திய வேளையைத் தேர்ந்துகொள்ள இயலும். சொந்தப் பாய் ஒன்று, வெள்ளை விரிப்பு ஒன்று எடுத்துச் சென்றால் எவ்வறையும் நம் அறையாகும்.

7. மாதிரித் திட்டம்

நவம்பர் மாதத்திற்கென வகுத்தது. 24 மணி நேர முறையுள்ள விடுதி எனக் கொள்க.

முதல் நாள்: விடியலில் மதுரை சேர்தல், நீராடல், சாமாயிகம். 7 மணிக்குப் பின் காலையுணவு. இரவுப் பயணம் செய்த மூத்தோர் முற்பகலில் ஓய்வு கொள்க. பகல் உணவு 12 மணி. பிற்பகல் 2 மணிக்கு மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடை வழியே யானைமலை. அங்கே மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி ஆகியோரின் புடைப்புத் திருவுருவங்களும், மேலே கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உள. 4.15-க்குள் திரும்பி, 5.05-க்குள் உணவு முடித்தல்.

இரண்டாம் நாள்: 6.15-க்குப் புறப்பட்டு, நாகமலைப் புதுக்கோட்டை வழியே கீழக்குயில்குடி. கையில் காலையுணவுப் பொட்டலமும் காய்ச்சிய நீரும். மூத்தோர் ஆலமர நிழலில் 7 மணிக்கு உண்டு, அரைமணி இருந்து, பின் ஏறுக. வெறும் வயிற்றில் ஏறற்க. பாறை சுடுவதற்கு முன் பேச்சிப்பள்ளத்தை அடைந்துவிடலாம். இறங்கியபின் குன்றின் மறுபுறமுள்ள செட்டிப்புடவு. நண்பகலுக்குள் அறை திரும்பல். பிற்பகல் சுவாத்தியாயம், ஓய்வு.

மூன்றாம் நாள்: விடியலில் அறையைக் காலி செய்து, பைகளை ஒப்படைத்து, வாடகை வண்டியில் மாங்குளம், அரிட்டாபட்டி. மாலையுணவை 5.05-க்குள் முடித்து, இரவு ரயிலில் ஊர் திரும்பல்.

ஒருநாளில் ஐந்து குன்று காண்போம் என்பாரும் உளர். வீணே அலைதலும் பிறரை அலைக்கழித்தலும் குற்றம் என்பதை மேலே கண்டோம். நாளுக்கு ஒரு குன்று, அதுவும் நிறைவாக என்பதே என் பரிந்துரை.

8. குன்றின்மேல் அறிய வேண்டுவன

மதுரையைச் சூழ்ந்த எட்டுக் குன்றுகளை எண்பெருங்குன்றம் என வழங்குவது பழைய மரபு. மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவல் கண்டறிந்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், கணிநந்தன் என்னும் முனிவர் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவும் அவற்றில் குறிக்கப்பெற்றிருக்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவின என்பர் அறிஞர். அங்குள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சிற்றூர்ப் பகுதி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் மக்கள் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஊரார் காத்த குன்று அது. நாம் காணவாவது செல்ல வேண்டாமா?

பேச்சிப்பள்ளத்துத் திருவுருவங்கள் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள. குணமதியார் பெயர் அவற்றுள் ஒன்றில்தான் உள்ளது. பக்தி மிகுதியால் எண்ணெய் பூசுதல், பாலாபிஷேகம் செய்தல், சந்தனமிடுதல், கற்பூரம் ஏற்றுதல் இவை வேண்டா. அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். எழுத்தை விரலால் தடவுவதும் அவற்றைத் தேய்க்கும். கைகூப்பி நின்றாலே வணக்கம் நிறையும்.

இன்னொன்றையும் கவனிக்க. மாங்குளத்தில் நாம் காண்பன கற்படுக்கைகள். துறவியர் தங்குதற்கு இல்லறத்தார் செதுக்குவித்துக் கொடுத்த இடங்கள். அவற்றிற்குப் 'பள்ளி' என்று பெயர். படுக்குமிடம், முனிவர் உறையுமிடம், கற்குமிடம் மூன்றுக்கும் நம் மொழியில் அதுவே சொல். வந்தவர் எங்கே தங்குவார், மழை நீர் உள்ளே வருமா, எங்கே தலை வைப்பார் என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே அவ்வில்லறத்தார் உளியை எடுக்கச் செய்திருப்பர். குகையின் நெற்றியில் மழைநீர் வடியக் காடி வெட்டியிருப்பதைப் பாருங்கள். தங்குமிடத்தைத் திட்டமிடுவது சிறு வேலை என்று எண்ணாதவர் அவர்கள்.

9. பயிற்சி

1. உங்கள் ஊரில் அடுத்த மாதம் 15-ஆம் நாள் சூரியன் உதிப்பதும் மறைவதும் எப்போது? 48 நிமிடக் கணக்கில் உணவு எல்லைகளைக் காண்க.
2. உங்கள் இல்லத்து மூத்தோர் ஒருவரின் விரதங்களை அவரிடமே கேட்டு எழுதுக. அவற்றைக் கொண்டு இரண்டு நாள் பயணத்திட்டம் வகுக்க.
3. தேசாவகாசிகத்தின் ஐந்து அதிசாரங்களுக்கும் விடுதி வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
4. "எனக்காக எவரும் நனைய வேண்டா" என்னும் கொள்கையால் உங்கள் நாளில் எவ்வெச் செயல் மாறும்?

இரண்டாம் வினாவை ஏட்டில் மட்டும் எழுதி வைத்துவிடாதீர். அவர் இருக்கும்போதே, அவர் முழங்கால் இடங்கொடுக்கும்போதே, அழைத்துச் செல்லுங்கள். ஆலமர நிழலில் எவரையும் விட்டுவிட்டு ஏறாதீர்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!